ஆரோக்கியம்மாளின் பேரில்

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக அம்மா ஆரோக்கியம்மாள் ஆட்டுக்கறி வாங்கிவரச் சொன்னபோதே, அவள் ராயப்பராஜ் சாரை மன்னிக்கத் தயாராகிவிட்டாள் என்று ஐரினுக்குப் புரிந்துவிட்டது. வாயால் சொல்லுகிறவள் இல்லை அம்மா. கோபம் என்றால் ரசம். கோபம் தீர்ந்தால் கறிக்குழம்பு.

"நீயும் பூசைக்கு வாம்மா. அவரு அங்கதான் மொதல்ல வாராரு."

"நான் எதுக்கு? வீட்டுக்கு வாரேன்னுதான சொல்லிருக்காரு? இங்க வந்து என் மொகத்தப் பாத்துச் சொல்லட்டும். நாலு பேரு சுத்தி நின்னு பாக்கிறதுக்கு நான் என்ன கோயில் சுரூபமா?"

சொல்லிவிட்டு அம்மா தேங்காய் துருவ உட்கார்ந்தாள். ஏழு வாரத்துக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் கேலி அது. ஐரின் சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டே சிரித்தாள்.

ராயப்பராஜ் சாரை ஐரினுக்கு எட்டாம் வகுப்பிலிருந்து தெரியும். திண்டுக்கல்லில் அவள் படித்த பள்ளிக்கூடத்தில் அவர் தமிழாசிரியர். அதே பள்ளிக்கூடத்தில் அம்மா ஆயா. மணி அடிப்பாள், வகுப்பறை கூட்டுவாள். மதியச் சாப்பாட்டுக்கு அம்மா கொண்டுவரும் வெஞ்சனத்தில் பாதி சாரின் டிபன் பெட்டிக்குப் போய்விடும். அவர் அம்மாவை 'அக்கா' என்பார். அம்மாவுக்கு வருகிற கடுதாசிகளை எல்லாம் அவர்தான் வாசித்துச் சொல்வார். ஐரினைப் பேச்சுப் போட்டிக்குத் தயார் செய்தவரும் அவர்தான். மூடிக் கிடந்த ஒரு அறையில் ஜன்னலைத் திறந்துவிட்டது போல இருக்கும் அவர் பேசினால். இன்று ரெட்டியார்சத்திரம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் ஐரின் பாடம் நடத்தும்போது, எந்தச் சொல்லுக்குப் பிறகு ஒரு கணம் நிறுத்த வேண்டும் என்பதுகூட அவர் கற்றுக் கொடுத்ததுதான்.

பிறகு சார் வேலையை விட்டுவிட்டுப் பட்டிமன்றத்துக்குப் போனார். தொலைக்காட்சியில் அவர் வராத பண்டிகை இல்லை என்றானது. 'எங்க சார்' என்று ஐரின் பேருந்தில் பக்கத்தில் உட்காருகிறவர்களிடம்கூடச் சொல்லிக்கொள்வாள்.

இந்தப் பொங்கல் பட்டிமன்றத்தில் அவர் படிப்பின் அருமையைப் பேசினார். அம்மாவும் மகளும் கரும்பைக் கடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்க திண்டுக்கல் பள்ளிக்கூடத்துல ஒரு ஆயாம்மா. ஞாயித்துக்கிழம பூசையில பாட்டுப் புத்தகத்த விரிச்சு வச்சு என்னமாப் பாடுவாங்க தெரியுமா! ஒருநாள் எட்டிப் பாத்தேன். புத்தகம் தலைகீழா இருக்கு!"

கூட்டம் சிரித்தது. அவர் ஒரு கணம் நிறுத்தினார்.

"என்ன ஆயாம்மான்னு கேட்டா, சாமி மேல இருந்து பாக்கிறாருல்ல, அவருக்கு நேராத்தான் தெரியும்ங்கிறாங்க! இந்த மாதிரி ஜென்மங்கள வச்சுக்கிட்டு நாடு எப்பிடிய்யா உருப்படும்?"

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. அம்மா கையில் இருந்த கரும்புத் துண்டைத் தட்டில் வைத்தாள்.

அம்மாவுக்கு எழுத்து தெரியாது என்பது வீட்டுக்குள் தெரிந்த விஷயம். கோயிலில் யாருக்கும் தெரியாது. பாட்டெல்லாம் மனப்பாடம், புத்தகம் கௌரவத்துக்கு. அதை வெளியே ஒரே ஒருவரிடம்தான் அவள் சொல்லியிருந்தாள், சாப்பாட்டு மணிக்குப் பிறகு, வெட்கத்தை மறைக்க அந்த வேடிக்கையையும் தானே சேர்த்து. "இது இந்தச் சுவரத் தாண்டாதுக்கா" என்று அவர் சொன்னாராம்.

அடுத்த ஞாயிறு பூசையில் முன்வரிசைப் பெண்ணொருத்தி திரும்பி, அம்மாவின் கையில் இருந்த புத்தகத்தை எடுத்துப் பார்த்தாள். அது நேராகத்தான் இருந்தது. "சரியாத்தான் வச்சிருக்கீங்க" என்று அன்பாகச் சொல்லித் திருப்பிக் கொடுத்தாள். அன்றோடு அம்மா கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டாள்.

பள்ளி ஆயாக்களின் சங்கம் ஒன்று கண்டனம் தெரிவித்தது. சேனல்காரர்கள் கேட்டிருக்க வேண்டும், சார் ஒரு வீடியோ போட்டார். 'யார் மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்' என்றார். அந்த 'யார்' என்கிற சொல்லில் அம்மா இருக்கிறாளா என்று ஐரின் நாலு முறை போட்டுப் பார்த்தாள். பிறகுதான் அவரிடமிருந்தே அழைப்பு வந்தது. "ஞாயித்துக்கிழம நம்ம கோயிலுக்கு வாரேன்மா. பூசை முடிஞ்சு நேரா வீட்டுக்கு. அக்கா கால்ல விழுந்துட்டுத்தான் மறுவேல." ஐரின் போனை வைத்துவிட்டு அழுதாள். தன் சார் தனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டதாக நினைத்தாள்.

கோயிலில் ஆண்கள் பக்கம், நடுப்பாதையை ஒட்டிய ஓரத்தில், வெள்ளைச் சட்டையில் அவர் நின்றார். பாதைக்கு இந்தப் பக்கம் ஐரின். அவள் அவரிடம் எதுவும் பேசுவதில்லை என்று முடிவு செய்துகொண்டுதான் போயிருந்தாள். பேச வேண்டியது அம்மா. அம்மா பேசிய பிறகுதான் நான்.

"ஒருவருக்கொருவர் சமாதானத்தைத் தெரிவித்துக்கொள்வோம்" என்றார் சாமியார்.

எல்லோரும் திரும்பினார்கள். சாரும் திரும்பினார். கண் கலங்கியிருந்தது. அவளைப் பார்த்துக் கை கூப்பித் தலை குனிந்தார். ஐரினும் கை கூப்பினாள். "சமாதானம்" என்றாள். லேசாகச் சிரிக்கவும் செய்தாள்.

யோசித்துச் செய்தது இல்லை. முதல் நற்கருணை வாங்கிய நாளிலிருந்து வாரம் தவறாமல் செய்வது. குழாயடியில் குடத்தைத் தூக்கி எறிந்துகொண்டவர்கள்கூட அந்த நேரத்தில் கை கூப்புவார்கள். வெளியே வந்து செருப்பு மாட்டும்போது சண்டை விட்ட இடத்திலிருந்து தொடரும். அதை யாரும் மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டது கிடையாது. தூண் பக்கத்தில் சாரோடு வந்த ஆள் போனைத் தூக்கிப் பிடித்திருந்ததை, கை இறங்கிய பிறகுதான் அவள் பார்த்தாள்.

பூசை முடிந்து அவள் வெளியே வந்தபோது சாரின் கார் இல்லை. முன்னால் போயிருப்பார் என்று வீடு இருந்த பேகம்பூர் சந்துக்கு ஆட்டோ பிடித்து ஓடினாள். வீட்டில் அம்மா புதுச்சேலையில் உட்கார்ந்திருந்தாள். இருவரும் மூன்று மணி வரை சாப்பிடவில்லை.

"ரோட்டுல கூட்டமா இருக்கும்" என்றாள் அம்மா. பிறகு, "பெரிய ஆளுல்ல, நாலு பேரு நிறுத்திப் பேசுவாங்க" என்றாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் ஐரின் பள்ளியிலிருந்து திரும்பியபோது, எதிர்க்கடை கிதர் முகம்மது படியில் நின்று அம்மாவுக்குத் தன் போனைக் காட்டிக்கொண்டிருந்தார். செல்போன் ரீசார்ஜும் ஜெராக்ஸும் போடுகிற கடை அவருடையது.

"அக்கா, உங்க போட்டோ போட்டிருக்காங்க பாருங்க. 'மன்னித்தார் ஆரோக்கியம்மாள்'னு எழுதிருக்கு. நல்லதுதான், சமாதானமாப் போயிட்டீங்க."

திரையில் சார் கை கூப்பினார். ஐரின் கை கூப்பினாள். சிரித்தாள். மெல்ல வயலின் ஒலித்தது. பள்ளி ஆண்டுவிழாப் படத்திலிருந்து வெட்டிய அம்மாவின் முகம் வந்து நின்றது.

கிதர் முகம்மது கடைக்குப் போன பிறகு அம்மா கேட்டாள்: "என் பேர்ல நீ மன்னிச்சிட்டு வந்தியா?"

"இல்லம்மா. சமாதானம் சொல்ற நேரம். கை தானா…"

"சிரிச்சிருக்கியேடி."

ஐரின் போனை எடுத்தாள். அம்மாவின் எதிரிலேயே சாரை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஐரினா! சொல்லும்மா. வீடியோ பாத்தியா? எல்லாருக்கும் கண்ணு கலங்கிருச்சாம்."

"வீட்டுக்கு வாரேன்னு சொன்னீங்க சார்."

"வரணும்னுதான் இருந்தேன். மதுரையில ரெக்கார்டிங், வண்டி வந்துருச்சு. அதான் கோயில்லயே முடிஞ்சிருச்சே? ஆண்டவர் சந்நிதிய விட வீடு பெருசா?"

"அம்மா அங்க இல்லியே சார்."

"நீ இருந்தேல்ல."

"மேடையில பேசும்போது நீங்க பேரு சொல்லல. இந்த ஊருல பாதிப் பேருக்குத்தான் தெரிஞ்சிருந்துச்சு. இப்ப பேரும் போட்டு மொகமும் போட்டுட்டீங்களே."

அவர் ஒரு கணம் நிறுத்தினார். அந்த நிறுத்தம் அவளுக்குப் பழக்கமானது.

"பேரு போட்டாத்தானம்மா அது மன்னிப்பு? பொதுவாக் கேட்டப்ப, ஒப்புக்குக் கேக்கிறான்னு எல்லாரும்தான சொன்னாங்க? நல்லா யோசிச்சுப் பாரு. நான் உன்னக் கை கூப்பச் சொன்னேனா?"

அவள் யோசித்தாள். சொல்லவில்லைதான். அவள் பேசாமல் இருந்ததை ஒப்புதலாக எடுத்துக்கொண்டு, அக்காவைக் கேட்டதாகச் சொல்லச் சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார். அக்கா இரண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தாள்.

"கீழ ஏதோ எழுதிருக்காங்களாமே, கிதரு சொன்னாரு. வாசி" என்றாள் அம்மா.

ஐரின் வாசித்தாள். 'பெரிய மனசு அம்மா உங்களுக்கு.' 'இதுதான் உண்மையான கிறிஸ்தவம்.' 'தவறை உணர்ந்தவரே மனிதர், வாழ்க சார்.' அடுத்ததில் நிறுத்தினாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்லம்மா. சும்மா சிரிக்கிற பொம்மை போட்டிருக்காங்க."

"எதுக்குச் சிரிக்கிறாங்க?"

"சந்தோசத்துல."

அம்மா அவள் பக்கம் திரும்பினாள்.

"அந்தச் சாரும் இப்பிடித்தான்டி. காயிதத்த வாசிச்சுக்கிட்டே வருவாரு. எனக்குக் கஷ்டமானது வந்தா, தொண்டையச் செருமிட்டு வேற ஒண்ணச் சொல்லுவாரு. எனக்குத் தெரியும். பாசத்துல செய்றாருன்னு நெனச்சேன். நீ உள்ளத வாசி."

ஐரின் வாசித்தாள். 'இப்பவாவது ஆயாம்மா புத்தகத்தை நேராகப் பிடித்தாரா?' அதற்குக் கீழே நானூறு பேர் சிரித்திருந்தார்கள். 'அம்மா கையெழுத்து போட்டாரா, கைநாட்டா?' 'கோயிலில் மகளை விட்டுவிட்டு அவர் சாமியோடு மேலே இருந்து பார்த்திருப்பார்.' ஒன்றையும் விடாமல் வாசித்தாள். சொல்லுக்குச் சொல் நிறுத்தாமல், அவர் கற்றுக் கொடுத்தது எதுவும் குரலில் வந்துவிடாமல் வாசித்தாள்.

அம்மா அழவில்லை. "எழுது" என்றாள்.

"எங்கம்மா?"

"அவங்கெல்லாம் எழுதுற எடத்துலதான். நான் ஆரோக்கியம்மாள். என்கிட்ட யாரும் மன்னிப்புக் கேக்கல. எங்க வீட்டுக்கு யாரும் வரல. கோயில்ல கை கூப்புனது என் மக, நான் இல்ல. அந்தச் சாமி வேடிக்க நான் சொன்னது. நம்பிச் சொன்னது. அவரு வந்து கேட்டா யோசிச்சுச் சொல்றேன். அம்புட்டுத்தான்."

ஐரின் எழுதினாள். 'என் மக, நான் இல்ல' என்ற இடத்தில் விரல் நின்றது. பிறகு அதையும் எழுதினாள்.

"போடவா?"

"இரு."

அம்மா கையை நீட்டினாள். போனை வாங்கிக்கொண்டு செருப்பை மாட்டினாள். சந்தின் எதிர்ப்பக்கம் இருந்த கிதர் முகம்மதுவின் கடைக்குப் போனாள். "பாய், இதுல என்ன எழுதிருக்குன்னு வாசிங்க. உள்ளபடி வாசிங்க" என்று அவள் கேட்பது இங்கே கேட்டது. அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு உரக்க வாசித்தார். ஐரின் வாசலில் நின்று, தான் எழுதிய ஒவ்வொரு சொல்லும் இன்னொருவர் வாயிலிருந்து வருவதைக் கேட்டாள்.

"வேற ஒண்ணும் இல்லியா?"

"இம்புட்டுத்தான் அக்கா. ஏன், ஐரின் பாப்பா வாசிச்சுக் காட்டலியா?"

அம்மா போனை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தாள்.

"சரியாத்தான் எழுதிருக்க. போடு."

ஐரின் அழுத்தினாள்.

"போயிருச்சா?"

"போயிருச்சும்மா."

அம்மா தலையாட்டவில்லை. படியில் நின்றபடியே எதிர்க்கடையைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டாள்: "பாய், அங்க வந்திருச்சா பாருங்க."