மூன்றாம் எண் டிராக்டரின் டீசல்

பண்ணை அலுவலகத்துக்குள் அவள் புயலாக நுழைந்தாள். பதினோரு வருஷமாக அங்கே டிராக்டர் ஓட்டுகிறவள். கையில், சற்று முன் அறிவிப்புப் பலகையிலிருந்து கிழித்த தாள். 'மூன்றாம் எண் டிராக்டர்: விதைப்பில் டீசல் அளவுக்கு மீறிச் செலவு. ஓட்டுநர் விளக்கம் தர வேண்டும்.'

"சுத்தி வளைக்காம திருடின்னே எழுதியிருக்கலாமே சார்!"

மேலாளர் தலை நிமிரவில்லை. "ஏக்கருக்கு ரெண்டு லிட்டர் போதும். உன் வண்டி மூணு குடிக்குது. மிச்சம் காத்துல போச்சாம்மா?"

அவள் டிராக்டர் சாவியை எடுத்து நீட்டினாள். "வயலுக்கு வாங்க, காட்டுறேன். வரமாட்டேன்னா இந்தாங்க சாவி."

விதைப்பு மும்முரத்தில் வேறு ஆள் கிடைக்காது. முணுமுணுத்துக்கொண்டே எழுந்தார்.

வயலில் அவள் பின்சக்கரத்தில் சாக்பீஸால் கோடு கிழித்தாள். விதைக்கும் கருவியை மேலே தூக்கி வைத்துக்கொண்டு ஓட்டினாள். சக்கரம் சரியாகப் பத்துச் சுற்று சுற்றிய இடத்தில் குச்சி நட்டாள். பிறகு புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து, கருவியை மண்ணில் இறக்கி, விதைத்தபடி அதே தூரம் ஓட்டினாள்.

"எண்ணுங்க சார்!"

கூடவே நடந்த மேலாளர் பத்தோடு வாயை மூடிக்கொண்டார். வேடிக்கை பார்க்க வந்த மெக்கானிக்தான் விடவில்லை. "பதினொண்ணு, பன்னெண்டு, பதிமூணு! அக்கா, குச்சி வந்துருச்சு!"

அவள் குதித்து இறங்கினாள். "மூணு சுத்து சும்மா மண்ணைக் கிண்டுது சார். டீசல் அங்கதான் போகுது. பின்சக்கரத்து இரும்பு எடையைக் கழட்டிப் புது வண்டிக்கு மாட்டச் சொன்னது யாரு? எடை இல்லாம சக்கரம் வழுக்குதுன்னு எத்தனை தடவை தொண்டை கிழியக் கத்தினேன்!"

"சரி, விடும்மா. பெரிசு பண்ணாதே."

அன்று மதியமே எடைகள் திரும்பி வந்தன. பதிமூன்று சுற்று பதினொன்றாயிற்று. டீசலும் இறங்கியது. மன்னிப்பு என்ற சொல் மட்டும் அவர் வாயிலிருந்து வரவில்லை.

நாலு நாள் கழித்து விதை மூட்டை கேட்க அலுவலகம் போனாள். உள்ளே பண்ணை இயக்குநர்கள் கூட்டம். கதவு பாதி திறந்திருந்தது.

"எடையை மாட்டிப் பார்த்தா டீசல் மிச்சமாகும்னு எனக்குத் திடீர்னு தோணுச்சு," என்று மேலாளர் சொல்லிக்கொண்டிருந்தார். கைதட்டல் வேறு.

அவள் சேற்றுக் காலோடு உள்ளே போனாள்.

"என்னைத் திருடியாக்கினதும் உங்களுக்குத் திடீர்னு தோணினதுதானா சார்?"

கைதட்டல் பட்டென்று நின்றது. மூத்த இயக்குநர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்கம்மா. என்ன நடந்துச்சு?"

"நின்னுக்கிட்டே சொல்றேன்," என்று அவள் ஆரம்பித்தாள்.