வெர்னா எழுதிய வெற்று முறைகள்

கனடாவின் மனிடோபா மாகாணத்து வில்லோ பெண்ட் ஊரில், பழைய படைவீரர் மன்றத்துப் பில்லியர்ட்ஸ் மேசையருகே, அக்டோபர் இரண்டாம் செவ்வாய்க்கிழமை மாலை ஆறே காலுக்கு, யாரும் பிடிக்காத ஒரு கோல் தானாக எழுந்து, நுனிக்குச் சாக்பீஸ் பூசிக்கொண்டு, ஒரு முறை ஆடியது. வெள்ளைப் பந்து மூன்று பந்துகளைத் தட்டியது. ஒன்றும் குழியில் விழவில்லை. கோல் போய்ச் சுவரோரம் சாய்ந்துகொண்டது. பதினேழு பேர் பார்த்தார்கள், காற்று பலம் என்றார்கள். ஆட்டத்தாள் எழுதிக்கொண்டிருந்த வெர்னா மெல்னிக் மட்டும் தாளைக் குனிந்து பார்த்தாள். அது யாருடைய முறை என்று அவளுக்குத் தெரியும்.

அந்த மன்றத்து லீக் போட்டியில் ஒவ்வொருவருக்கும் திறமையைப் பார்த்து இரண்டு முதல் ஏழு வரை ஓர் எண் உண்டு. பெரிய எண்காரர் நிறைய ஆட்டம் ஜெயிக்க வேண்டும். சின்ன எண்காரர் இரண்டு ஜெயித்தாலே கரையேறிவிடலாம். ஓர் அணியில் ஐந்து பேர். ஐவருடைய எண்ணும் சேர்ந்து இருபத்துமூன்றைத் தாண்டக் கூடாது. எத்தனை முறை மேசைக்கு வந்து ஒருவர் ஜெயிக்கிறார் என்று பார்த்துத்தான் எண் போடுவார்கள். குறைந்த முறையில் ஜெயித்தால் எண் ஏறும். வெர்னாவின் கணவன் ஓரெஸ்ட், நியாயமாகப் பார்த்தால், ஆறு. அவன் ஆறானால் கூட்டல் இருபத்துமூன்றைத் தாண்டி அணி உடைந்துவிடும். அதனால் வெர்னா ஒன்பது வருடமாக, அவன் ஆடவே ஆடாத முறைகளை, பந்து விழாத வெற்று முறைகளாக, வாரத்துக்கு இரண்டு மூன்று கோடு சேர்த்தே எழுதி வந்தாள். ஓரெஸ்ட் நாலிலேயே கிடந்தான். அவளும் நாலு. "பென்சில் கோடுதானேக்கா, யாரு குடி முழுகிடப் போகுது," என்பான் அணித்தலைவன் கார்ட். மற்ற அணிகளும் அப்படித்தான் எழுதின, யாரும் யோக்கியம் இல்லை.

எழுதிய முறைகளை ஆட ஒருவன் வந்துவிட்டான், அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியமாட்டான், நாற்காலி கிறீச்சிடும், சாக்பீஸ் தேயும். மேசையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நவம்பரில் ஓரெஸ்ட் முடி வெட்டப் போனபோது கடைக்காரன் வால்ட்டர், "இப்பத்தானேய்யா எந்திரிச்சுப் போனே," என்றான். கீழே ஓரெஸ்டின் நரைமுடி கிடந்தது. தலையில் இருந்ததும் அப்படியே இருந்தது. ஜனவரியில் பனி வழிக்கும் வண்டி அவர்கள் வீட்டு வாசலை வழிக்காமல் தாண்டிப் போனது; கேட்டால் வழித்தாயிற்று என்றார்கள். ஓரெஸ்ட் சிரித்தான். வெர்னா சிரிக்கவில்லை. அவள் எழுதியதெல்லாம் ஓரெஸ்டின் பெயரில். வந்தவன் ஓரெஸ்டின் முறைகளைத்தான் எடுத்துக்கொண்டிருந்தான்.

மார்ச்சில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. ஓரெஸ்டின் இதய வால்வை மாற்ற ஒன்றரை வருடமாகக் காத்திருந்தார்கள். "தையல் எப்படி இருக்கு, வலி ஏதாவது இருக்கா?" என்று நர்ஸ் கேட்டாள். போன வியாழக்கிழமையே ஆபரேஷன் முடிந்து, கையெழுத்துப் போட்டு, நடந்தே வீட்டுக்குப் போய்விட்டாராம். ஓரெஸ்ட் சட்டையைக் கழற்றிப் பார்த்தான். நெஞ்சில் ஒரு கீறல் இல்லை. டாக்டரும் பார்த்தார், மன்னிப்புக் கேட்டார், பட்டியலின் கடைசியில் பெயரை மறுபடி எழுதினார்: பதினோரு மாதம். நாலு படி ஏறினாலே உதடு நீலம் பாய்கிறவனுக்குப் பதினோரு மாதம். அன்று வெர்னா குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே இருமியது புருஷனா மற்றவனா என்று அவளுக்குப் புரியவில்லை.

மறுநாள் கார்டிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். ஓரெஸ்டை ஆறாக்கு, வந்தவனைத் தனிப் பெயரில் அணியில் சேர் என்றாள். கார்டுக்கு முகம் வெளுத்தது. அவன் பெயரிலும் நாலைந்து வருடப் பொய்க் கோடுகள் இருந்தன. "ஆளு ஒருத்தர் கூடுதே, எண்ணும் ரெண்டு ஏறுதே. எங்கக்கா போறது?"

"என்னைத் தூக்கிரு. நான் நாலு. அவன் எழுதப்பட்டதே வெத்து முறையாத்தான், அவனுக்கு ஒரு பந்து போடத் தெரியாது. அவன் ரெண்டு. சரியாப் போச்சு."

பதினான்கு வருடம் ஆடிய கோலைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தபோது அழுகை வந்தது, அழுதாள். வந்தவனுக்கு ஒரு பெயர் வைத்து, படிவத்தில் 'பீட்டர்' என்று எழுதினாள். கையெழுத்துப் போடும் இடத்தில், அவள் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே, மை ஊறியது. பீட்டர் ஆடினான், வாராவாரம் தோற்றான். வெர்னா ஒவ்வொரு முறைக்கும் ஒரே ஒரு கோடு போட்டாள். மே மாதம் ஆபரேஷனுக்கு யாரோ வராமல் போனதால் அந்த இடம் ஓரெஸ்டுக்குக் கிடைத்தது.

ஆஸ்பத்திரியில் இருவரும் காத்திருந்தார்கள். காலை பத்து மணி. வெர்னாவின் இடப்பக்கம் ஓரெஸ்ட், மூச்சு வாங்கிக்கொண்டு. வலப்பக்கம் காலி நாற்காலி. கதவு திறந்து, "ஓரெஸ்ட் மெல்னிக்," என்றார்கள். ஓரெஸ்ட் முழங்காலில் கையூன்றினான். அதற்குள் காலி நாற்காலி கிறீச்சிட்டது. வெர்னா பார்க்காமலே கையை நீட்டி, சட்டைக்கை இருக்க வேண்டிய இடத்தில் பிடித்தாள். கம்பளித் துணி தட்டுப்பட்டது.

"உக்காரு பீட்டர்," என்றாள். "உன் முறை செவ்வாக்கிழமை."

கொஞ்ச நேரம் துணி இழுத்தது. அப்புறம் நாற்காலி அமுங்கியது. ஓரெஸ்ட் எழுந்து மெதுவாக நடந்து உள்ளே போனான். நான்கு மணி நேரமும் வெர்னா பிடித்த கையை விடவில்லை.

அதன்பின் ஏழு வருடம். ஓரெஸ்ட் நெஞ்சில் தழும்போடு ஆறாகவே ஆடினான். எட்டாம் வருடம் பிப்ரவரியில் பீட்டர் அடித்த பந்து ஒன்று, இரண்டு விளிம்பில் மோதி, குழியில் விழுந்தது. பின்னாலேயே, ஆட்டத்தை முடிக்கும் எட்டாம் பந்தும் விழுந்தது; பீட்டர் ஜெயித்துவிட்டான். மன்றமே கோலைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டியது. கார்ட் கணக்குப் போட்டுப் பார்த்துக் குனிந்தான். "இப்படியே எழுதினா அவன் மூணாயிருவான்க்கா, நாம இருபத்துநாலு. சும்மா ரெண்டு கோடு சேத்துப் போடேன்."

வெர்னா பென்சிலை வைத்துவிட்டு அவனையே பார்த்தாள். கார்டுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டான். அவள் உள்ளதை எழுதினாள். அந்தப் பருவம் முழுக்க கார்ட் வெளியே உட்கார்ந்தான், அவன் இடத்தில் குறைந்த எண்காரர் ஒருவர் ஆடினார். வெர்னா வழக்கம்போல மூன்று காபி ஊற்றினாள். பீட்டருக்குச் சர்க்கரை இல்லாமல்.