ஈரத்தரைக்கு வால்வு சார் போட்ட பதில்கள்

1.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், இந்தக் கதை என் கற்பனை இல்லை. மேல்வீட்டு அக்கா மாடிப்படியில் என்னைப் பிடித்துநிறுத்தி, சிரிப்பும் மூச்சிரைப்புமாகச் சொன்னதை அப்படியே சுட்டுவிட்டேன். "எழுதிக்கோ. எங்க வீட்டுக்காரர் கதையெல்லாம் படிக்க மாட்டார்" என்று அனுமதியும் கொடுத்துவிட்டாள். நான் எழுதிய முதல் வரி மகா மட்டம்:

ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் தனிமையில் வாடி…

[அடித்துவிட்டேன். மனிதர் எங்கே வாடினார்? காலை காபி ஆறுவதற்குள் நாலு பேர் வீட்டு மோட்டாரை ஓடவைத்துவிடுகிறார்.]

2.

அக்காவின் வீட்டுக்காரர் முப்பத்திரண்டு வருடம் குடிநீர் நிலையத்தில் பம்புகளோடு குப்பை கொட்டியவர். ஓய்வுபெற்ற மறுநாளே இணையத்தில் ஒரு வீட்டுரிப்பேர் குழுவில் 'வால்வு' என்ற பெயரில் நுழைந்தார். இன்று பதினோராயிரம் பேருக்கு அவர் வால்வு சார். வாஷிங் மெஷின் நடந்து வாசலுக்கு வருகிறதா? படம் எடுத்துப் போட வேண்டும். படத்தில் சிவப்பு அம்புக்குறி வரைந்து, ஐந்து நிமிடத்தில் பதில் வந்துவிடும். ஒவ்வொரு பதிலும் ஒரே மாதிரிதான் தொடங்கும்: "பதற வேண்டாம், நான் இருக்கிறேன்."

வீட்டில் அவர் பேசுவது இரண்டே சொல். "உம்", "பாக்கலாம்".

எட்டு மாதமாக அவர் வீட்டுச் சமையலறைக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. சொல்லிச் சொல்லி அக்காவுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

3.

ஒருநாள் அக்கா பொறுமையிழந்து, 'ஈரத்தரை' என்ற பெயரில் அந்தக் குழுவில் சேர்ந்து, 'எட்டு மாதமாக ஒழுகுகிறது' என்று குழாயைப் படமெடுத்துப் போட்டாள்.

இந்த இடத்தில் எனக்குக் கை ஓடவில்லை. மாடியேறிப் போய்க் கேட்டேன்.

"அக்கா, சொந்தச் சமையலறை அவருக்கு அடையாளம் தெரியலையா? படிக்கிறவங்க நம்ப மாட்டாங்க."

"அவர் எங்க சுவத்தைப் பாத்தார்? குழாயை மட்டும்தான் பாத்தார். என் கையே இருக்கு அந்தப் படத்துல, சுட்ட தழும்போட!"

சரி, பழுதை மட்டுமே தேடிப் பழகிய கண். நம்பினால் நம்புங்கள்.

பதில் வந்தது: "பதற வேண்டாம், நான் இருக்கிறேன். அருமையான படம், சகோதரி! வாஷர் தேய்ந்திருக்கிறது. அது போகட்டும், எட்டு மாதமாக உங்கள் வீட்டுக்காரர் என்ன செய்துகொண்டிருக்கிறார்?"

"ஊருக்கெல்லாம் உதவி செய்கிறார், சார்."

"அவருக்கு ஒரு வேளை சாப்பாடு போடாதீர்கள். தானாக ஸ்பேனரைத் தேடுவார்."

நிபுணர் சொல்லை அக்கா தட்டுவாளா? மதியம் மேசையில் வெறும் தட்டு.

"சாப்பாடு எங்க?"

"போட வேண்டாம்னு ஒரு இன்ஜினியர் சொல்லிட்டார்."

"எவன் அவன், கூறுகெட்டவன்!"

[இங்கே நான் நாற்காலியிலிருந்து விழாத குறை. மன்னிக்கவும்.]

அதற்குப் பிறகும் அவருக்கு உறைக்கவில்லை என்கிறாள் அக்கா. பிஸ்கட்டைத் தின்றுவிட்டு, யாருடைய கீசருக்கோ அம்புக்குறி போடப் போய்விட்டாராம்.

4.

வாஷரை அக்காவே மாற்றினாள். குழாய் நின்றது. கதையும் இங்கே நின்றிருக்க வேண்டும்.

நிற்கவில்லை. அடுத்து அலமாரிக் கதவு*, அதற்கடுத்து ஜன்னல் கொக்கி, மிக்சி. மொத்தம் பதினோரு கேள்விகள்.

(* கதவு நன்றாகத்தான் இருந்தது.)

"நீங்களே கழட்டினீங்களா?"

"பின்ன? நல்லா இருக்கிற கதவைப் பத்தி என்னன்னு கேக்கறது?"

சிரித்துக்கொண்டே சொன்னவள் சட்டென்று நிறுத்தினாள்.

"அந்த மனுஷனை எனக்குப் பிடிச்சுப்போச்சுடி. வீட்டுல இருக்கறவர் என்கிட்ட இப்படிப் பேசி எத்தனை வருஷம் ஆச்சு! நான்தான்னு தெரிஞ்சா அவரும் வாயை மூடிக்குவார். அப்புறம் எனக்கு ரெண்டு பேருமே இல்ல."

குதித்துக்கொண்டு வந்த கதை இப்படிச் செய்யும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

5.

மூன்று முடிவுகள் எழுதினேன்.

அ) அவர் கண்டுபிடித்து, விழுந்து விழுந்து சிரிக்கிறார். (சர்க்கரை தூக்கல்.)

ஆ) கோபத்தில் குழுவை விட்டே போகிறார். பதினோராயிரம் வீடுகளில் தண்ணீர்… (வேண்டாம், பாவம்.)

இ) முதல் படத்திலேயே அவருக்குத் தெரியும். தெரிந்துதான் பதில் போட்டுவந்தார்.

மூன்றாவது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஓடிப்போய்ப் படித்துக் காட்டினேன்.

"அதை மட்டும் எழுதாத" என்றாள். "தெரிஞ்சுதான் பேசறார்னா, இதையெல்லாம் நேர்ல ஏன் பேசலன்னு நான் கேட்டாகணும்."

மூன்றையும் கிழித்துப்போட்டேன்.

6.

இன்று காலை என்னிடம்கூடச் சொல்லாமல் அக்கா பன்னிரண்டாவது கேள்வியைப் போட்டுவிட்டாள்.

"சார், வீட்டில் எதுவும் பழுதில்லை. ஆனாலும் உங்களோடு பேசலாமா?"

அவள் சமையலறையில், அவர் கூடத்தில். நான் கீழ்வீட்டில் போனும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேன். அவர் பெயருக்குக் கீழே 'எழுதுகிறார்' என்று வருகிறது, நின்றுபோகிறது, மறுபடி வருகிறது. இதற்குமேல் எழுத எனக்கு உரிமை இல்லை.

நீங்கள் அந்தக் குழுவில் இருந்தால் ஒரே ஒரு உதவி செய்யுங்கள். நல்ல எண்ணத்தில்கூட, அவருக்கு முன்னால் யாரும் பதில் போட்டுவிடாதீர்கள்.