நல்ல நிறுவனத்தில் ஓர் ஒத்திகை

கிழக்கு வெளுப்பதற்குள் அந்தச் சலவை ஆலையில் முந்நூறு விரிப்புகள் உருளைக்குள் போய் வெளியே வந்திருக்க வேண்டும். ஓட்டல்களில் யார் யாரோ படுத்துப் புரண்டு எழுந்த விரிப்புகள். நனைந்துவிட்டால் ஒவ்வொன்றும் ஈரக் கன்றுக்குட்டியாகக் கனக்கும். அதை வண்டியிலிருந்து உருவி, உதறி, ஆளுக்கொரு முனையாக இருவர் பிடித்து, கொதிக்கும் இரும்பு உருளையின் வாயில் கொடுக்க வேண்டும். கொடுத்த கையை அடுத்த நொடியே எடுத்துவிட வேண்டும். துணி எது, தோல் எது என்று உருளைக்குத் தெரியாது.

இடது முனை அண்ணிக்கு. வலது முனை அவளுடைய நாத்தனாருக்கு.

அண்ணி என்பது அவள் பேரல்ல. அவள் கணவனின் தங்கை வேலைக்குச் சேர்ந்த நாளில் "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட, ஆலை மொத்தமும் அப்படியே பிடித்துக்கொண்டது. அப்பா வயதுள்ள பாய்லர்காரருக்கும் அவள் அண்ணிதான்.

விளிம்பு சுருண்டிருக்கிறதா என்று கண்ணால் பார்த்துக்கொண்டிருக்க அங்கே நேரமில்லை. விரல் நுனிதான் பார்க்கும். ஆவியில் வெந்து வெந்து இருவர் விரல் நுனியிலும் ரேகை அழிந்து போயிருந்தது. ஆனாலும் துணியின் தையல் எங்கே திரும்புகிறது என்று அந்த நுனிக்குத் தெரியும்.

உருளையின் வாய்க்கு முன்னால் ஒரு தடுப்புப் பட்டை உண்டு. கை அதில் பட்டால் உருளை நின்றுவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் துணி தடித்து வந்தாலும் நின்றுவிடும். நின்றால் மறுபடி ஓட நாலு நிமிஷம். ஆகவே போன வருஷம் மேற்பார்வையாளர் அதை மேலே தூக்கிக் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டிவிட்டார். "அதை நம்பியா பொழைக்கிறீங்க? உங்க கை உங்களுக்குத் தெரியாதா?" என்றார். தெரியும்தான்.

ஆலையின் முன் அறையில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு சான்றிதழ் தொங்கியது. லாபத்தோடு மனிதருக்கும் மண்ணுக்கும் நன்மை செய்யும் நிறுவனம் என்று அதில் எழுதியிருந்தது. மடித்த ஒவ்வொரு கட்டுக்குள்ளும் பச்சை இலை போட்ட அட்டை ஒன்று போகும்: 'உங்கள் விரிப்பு பூமிக்கு நோகாமல் துவைக்கப்பட்டது.'

"பூமிக்கு நோகல. நமக்குத்தான் இடுப்பு நோகுது" என்பாள் ரேடியோ. அழுக்குத் துணி பிரிக்கிறவள். வாய் ஓயாததால் அந்தப் பேர்.

எல்லாம் பொய் என்றும் சொல்லிவிட முடியாது. கூரையில் சூரியத் தகடு இருந்தது. துவைத்த நீரை வடிகட்டி மறுபடி எடுக்கும் தொட்டி இருந்தது. வாசலில் வரிசையாக மரக்கன்று. தண்ணீருக்கு மதிப்பெண், வெயிலுக்கு மதிப்பெண், மரத்துக்கு மதிப்பெண். மனிதருக்கும் மதிப்பெண் உண்டு என்பதுதான் முதலாளிக்குத் தொல்லையாகிவிட்டது.

மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஆய்வு. சான்றிதழ் கொடுக்கும் அமைப்பிலிருந்து ஒரு அம்மாள் வருவாள். வருகைப் பதிவேட்டைத் திறந்து கண்ணில் பட்ட நாலு பேரைக் கூப்பிட்டுத் தனித்தனியே கேள்வி கேட்பாள். யாரைக் கூப்பிடுவாள் என்று முதலாளிக்கும் தெரியாது. அதனால் எல்லோருக்கும் ஒத்திகை. இந்த முறை வியாழக்கிழமை ஆய்வு. திங்கள் காலை ஒத்திகை.

மேற்பார்வையாளர் ஆய்வுக்கார அம்மாளாகி நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"பாதுகாப்பு உபகரணம் கொடுக்கறாங்களாம்மா?"

"கொடுக்கறாங்க சார். இன்னைக்குக் காலையில கொடுத்தாங்க" என்றாள் ரேடியோ.

மடிப்பு மேசைப் பக்கம் சிரிப்பு கிளம்பியது.

"இன்னைக்குக் காலையிலங்கறத விடு. கொடுக்கறாங்க, அதோட நிறுத்து."

"நிறுத்தத் தெரிஞ்சா எனக்கு ஏன் சார் ரேடியோன்னு பேரு?"

அந்த நேரம் முதலாளியே உள்ளே வந்தார். கசங்காத சட்டை. "முதலாளின்னு யாரும் சொல்லக்கூடாது. அண்ணான்னு சொல்லணும். நாம ஒரே குடும்பம்" என்றார்.

"சொத்து பிரிக்கும்போதும் கூப்பிடுவாரான்னு கேளு அண்ணி" என்று மடிப்புக்காரி அண்ணியின் காதோரம் முணுமுணுத்தாள். ஆலையிலேயே பயந்த சுபாவக்காரி அவள். கேலியைக்கூட உதடு அசையாமல்தான் சொல்வாள்.

காலையில் கொடுத்த உபகரணம் கையுறை. மஞ்சள் நிறம், தடித்த துணி, ஆண்பிள்ளைக் கைக்கு அளவெடுத்தது. நாத்தனார் போட்டுப் பார்த்தாள். அவள் விரல் உறைக்குள் பாதி தூரம்தான் போயிற்று. மீதிப் பாதி வாழைத்தண்டுச் சக்கை போலத் தொங்கியது.

"அண்ணி, இதுக்குள்ள இன்னொரு ஆளை வாடகைக்கு வைக்கலாம்."

"உறையோட பத்து விரிப்பு ஓட்டுங்க. ஒரு போட்டோ எடுத்துக்கலாம்" என்றார் மேற்பார்வையாளர்.

"சார், அப்படின்னா அந்தத் தடுப்பை அவுத்து விட்டுடுங்க" என்றாள் அண்ணி. "உறையோட எங்களுக்குப் பழக்கமில்ல. கையில ஒண்ணும் தெரியல."

"வியாழக்கிழமை அவுத்துக்கலாம். இப்ப சரக்கு நிக்குது. சிரிச்ச மாதிரி ஓட்டும்மா."

முதல் விரிப்பு போயிற்று. இரண்டாவது போயிற்று. மூன்றாவதின் விளிம்பு சுருண்டிருந்தது. வெறும் கையாக இருந்தால் நாத்தனாரின் நுனி விரல் அதை உணர்ந்து உதறியிருக்கும். உறையின் காலி நுனியில் உணர்வு ஏது? சுருண்ட விளிம்போடு அந்தத் தொங்கலும் உருளையின் வாய்க்குள் போயிற்று. உறை போனது, உறைக்குப் பின்னால் விரல் போனது.

உருளை நிற்கவில்லை.

நிறுத்தும் பொத்தான் எட்டடி தள்ளிச் சுவரில். அண்ணி பாய்ந்து அதை அறைந்தாள். அதற்குள் மணிக்கட்டு வரை உள்ளே. பாய்லர்காரர் கடப்பாரையோடு ஓடிவந்து உருளையை நெம்பினார். கருகிய துணியின் வாடையும் வேறொரு வாடையும் கலந்து வந்தன. அந்த வாடையை அங்கிருந்த யாராலும் அன்று சாப்பாட்டின்போதும் மறக்க முடியவில்லை. சாப்பாடு அப்படியே இருந்தது.

நாத்தனார் கத்தவில்லை. "அண்ணி, விரிப்பு பாழாயிடுச்சே" என்றாள். பிறகு கண் செருகிவிட்டாள்.

*

ஆஸ்பத்திரியில் டாக்டர் சுற்றி வளைக்கவில்லை.

"பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி ஆபரேஷன் பண்ணா விரலைக் காப்பாத்தப் பார்க்கலாம். வேலையிடத்து விபத்துன்னு உங்க கம்பெனி எழுதிக் கொடுத்தா உடனே எடுத்துக்குவாங்க. இல்லன்னா வரிசையில நிக்கணும்மா. ஒரு வாரம் தாண்டினா எடுத்துடறதைத் தவிர வழியில்ல."

அண்ணி மறுநாளே முதலாளி அறைக்குப் போனாள். காகிதம் தயாராக இருந்தது. ஆனால் அவள் கேட்க வந்த காகிதம் அல்ல அது.

"உக்காரும்மா. வருத்தமாத்தான் இருக்கு. வீட்டுல அடுப்படியில வெந்நீர் கொட்டிடுச்சுன்னு எழுதியிருக்கேன். நீ ஒரு கையெழுத்துப் போடு."

"வெந்நீர் விரலை நசுக்குமா அண்ணா?"

முதலாளி பேனாவைக் கீழே வைத்தார்.

"ஆய்வு முடியட்டும். நானே செலவு பண்ணி நல்ல டாக்டர்கிட்ட காட்டறேன். என் வார்த்தையில நம்பிக்கை இல்லையா?"

"விரல் அதுவரைக்கும் காத்திருக்குமான்னு தெரியலையே. டாக்டர் ஒரு வாரம்தான் கெடு சொன்னார். ஆபரேஷனுக்கு நீங்க எழுதிக் கொடுத்தா போதும்."

"எழுதிக் கொடுத்தா மதிப்பெண் போகும். மதிப்பெண் போனா சான்றிதழ் போகும். அதைப் பார்த்துத் துணி அனுப்பற பெரிய ஓட்டல் மூணும் போகும். ஒருத்தி விரலுக்காகப் பதினாலு பேர் வயித்துல அடிப்பியா? யோசிச்சுப் பாரு. உன் வீட்டுக்காரரும் நம்ம வண்டியத்தான் ஓட்டறார்."

அண்ணி எழுந்துகொண்டாள். காகிதம் மேசையிலேயே கிடந்தது.

"சரி. ஆய்வு முடியற வரைக்கும் நீ லீவுல இரு" என்றார் அவர், அவள் முதுகைப் பார்த்து.

ஆஸ்பத்திரிக் கட்டிலருகே அவள் கணவன் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். "ரெண்டு பேர் வேலையும் போச்சுன்னா இவளுக்குக் கஞ்சி யார் ஊத்தறது? பேசாம அந்தக் கையெழுத்தைப் போட்டுடேன்" என்றான்.

கட்டிலில் இருந்தவள் கட்டுப் போட்ட கையைத் தூக்கிப் பார்த்தாள். "அண்ணே, நடுவிரல் நுனி அரிக்குது. அரிச்சா இருக்குன்னுதானே அர்த்தம்?"

அவன் எழுந்து அண்ணியையும் கூட்டிக்கொண்டு நடந்தான். வெளியே வந்ததும், "நாளைக்குச் சரக்கு ஏத்த வண்டியப் பின்பக்கம் நிறுத்துவேன். டீ வேளைக்கு வா, எல்லாரையும் அங்க வரச் சொல்றேன்" என்றான்.

*

புதன்கிழமை வண்டியின் மறைவில் அண்ணியைச் சுற்றி மற்றப் பன்னிரண்டு பேரும் கூடினார்கள். கையில் டீ, முகத்தில் ஈயாடவில்லை.

"எனக்கு இன்னும் ரெண்டு வருஷம்தான் அண்ணி" என்றார் பாய்லர்காரர். "இந்த வயசுல எவன் வேலை கொடுப்பான்?"

"கொடுக்க மாட்டான்தான். கொடுப்பான்னு பொய் சொல்ல நான் வரல" என்றாள் அண்ணி.

"சான்றிதழ் போனா ஆலையே போகும்ங்கறாரே?" மடிப்புக்காரிக்குக் குரல் எழும்பவில்லை.

"அது போகணும்னு யார் கேட்டா? மரம் வச்சாரு, அதுக்கு மார்க்கு வாங்கிக்கட்டும். மனுஷனுக்குன்னு இருக்கற மார்க்கு யார் கையக் காட்டி வாங்கினது? நம்ம கையக் காட்டி. அதே கைய வெந்நீர்ல வெந்துச்சுன்னு எழுதறாரு. நாளைக்கு உன் கை போனாலும் இதே வெந்நீர்தான்."

"நான் சொல்றேன், இன்னொருத்தர் மாத்திச் சொன்னா?" என்றார் பாய்லர்காரர்.

"அதான் விஷயம். யாரைக் கூப்பிடுவாங்கன்னு அவருக்குத் தெரியாது. அதனாலதான் எல்லாருக்கும் ஒத்திகை வச்சாரு. நமக்கும் தெரியாது. நாலு பேர்ல ஒருத்தர் பிசகினாலும் மூணு பேர் பொய்க்காரங்க ஆயிடுவோம்."

ரேடியோ டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, ஒரு துணி மூட்டையின் மேல் ஏறிக் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தாள்.

"வாங்கம்மா, உக்காருங்க. பயப்படாம சொல்லுங்க" என்றாள் மடிப்புக்காரியைப் பார்த்து, ஆய்வுக்கார அம்மாளின் குரலில். "இங்க விபத்து ஏதாவது நடந்துச்சா?"

மடிப்புக்காரி டீ டம்ளரைக் கீழே வைத்தாள். "நடந்துச்சு."

"எங்க?"

"உருளையில."

"கேக்கலையே. உருளைக்குப் பக்கத்துல நின்னு பேசற மாதிரி பேசுடி."

"உருளையில. திங்கக்கிழமை. நான் பார்த்தேன்."

அடுத்து பாய்லர்காரர் தானாகவே போய் மூட்டை முன்னால் நின்றார்.

*

வியாழக்கிழமை அண்ணியை உள்ளே விடவில்லை. பதிவேட்டில் அவள் பேருக்கு நேரே லீவு என்று எழுதியிருந்தது. நாத்தனார் பேரே இல்லை. அண்ணி இரும்புக் கதவுக்கு வெளியே நின்றாள்.

உருளையின் இரைச்சல் அதுவரை கேட்டது. கொஞ்ச நேரம் ஓடும், நின்றுவிடும். மறுபடி ஓடும், நின்றுவிடும். தடுப்பை அவிழ்த்துவிட்டிருக்கிறார்கள் என்று அவளுக்குப் புரிந்தது. இப்போது யார் உள்ளே போயிருப்பார்கள்? பாய்லர்காரரா? அவரா சொல்லப்போகிறார்? மடிப்புக்காரியாக இருந்தால்? சொல்ல வேண்டிய வார்த்தை முழுவதும் அண்ணியின் தொண்டையில் இருந்தது. அதைச் சொல்லும் இடம் வேறு யாரிடமோ இருந்தது. இத்தனை வருஷ வேலையில் இதைவிடக் கனமான எதையும் அவள் தூக்கியதில்லை.

அப்புறம் உருளை ஒரேயடியாக நின்றது. நாலு நிமிஷம் ஆயிற்று, பத்து நிமிஷம் ஆயிற்று. ஓடவில்லை.

வெயில் ஏறிய பிறகு ஆய்வுக்கார அம்மாளின் கார் வெளியே போயிற்று. பின்னாலேயே பன்னிரண்டு பேரும் உடுத்திய ஈர உடுப்போடு வந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் ரேடியோ.

"முதல்ல இவரைத்தான் கூப்பிட்டாங்க அண்ணி. அந்தம்மா கேட்டாங்க, 'உருளை எப்பவும் இப்படி அடிக்கடி நிக்குமா'ன்னு. மனுஷன் என்ன சொன்னார் தெரியுமா? 'இல்லம்மா, ஒரு வருஷமா ஒரு தடவைகூட நிக்கல. நிக்க வேண்டிய திங்கக்கிழமையும் நிக்கல.'"

பாய்லர்காரர் தலையைச் சொறிந்தார். "ஒத்திகையில அது இல்ல. வாயில வந்துடுச்சு."

"மிச்ச மூணு பேரும் சொல்லிட்டோம். கூப்பிடாதவங்க உருளைய நிறுத்திட்டு வந்து கதவுக்கு வெளியில வரிசையா நின்னாங்க, எங்களையும் கேளுங்கன்னு. முதல்ல நின்னவ யாரு?" மடிப்புக்காரியைத் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினாள். "இவ."

"அந்தம்மா என்ன சொன்னாங்க?"

"எழுதிக்கிட்டாங்க. முடிவு என் கையில இல்ல, மேல அனுப்பறேன்னாங்க."

முதலாளி கதவருகே வந்துவிட்டார். சட்டை இன்னும் கசங்கவில்லை, முகம்தான் கசங்கியிருந்தது.

"திருப்தியா? சான்றிதழ் போச்சு. ஓட்டல் போச்சு. நாளைக்குக் கதவு திறக்காது, போங்க."

"சான்றிதழை எடுக்கச் சொல்லலைங்க" என்றார் பாய்லர்காரர். "அதுல எழுதியிருக்கறதைச் செய்யச் சொல்றோம். அந்தப் பொண்ணுக்கு ஒரு கையெழுத்துப் போடுங்க."

"போட மாட்டேன்."

"அப்ப கதவு திறக்கலைன்னாலும் நாளைக்கு இதே நேரத்துக்கு வந்து நிப்போம். விடியறதுக்கு முன்னாடி முழிச்சுப் பழகிட்டோம்."

கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

தொழிலாளர் அலுவலகத்தில் கண்ணால் கண்டவர்கள் எழுதிக் கொடுத்தால் கம்பெனி கையெழுத்து இல்லாமலும் வேலையிடத்து விபத்து என்று மனு எடுப்பார்களாம். அண்ணியின் கணவன் நேற்றே விசாரித்து வைத்திருந்தான். எடுப்பார்களா, எடுத்தாலும் திங்கட்கிழமைக்குள் ஆகுமா, அது அவனுக்கும் தெரியாது. வண்டியிலிருந்து ஒரு வெள்ளைத் தாள் கொண்டுவந்தான். ரேடியோ மடியிலிருந்து துணியில் அடையாளம் போடும் பேனாவை எடுத்தாள்.

வைத்து எழுத இடமில்லை. பாய்லர்காரர் கேட்காமலே குனிந்து முதுகைக் கொடுத்தார். ஈரம் படாமலிருக்க அண்ணி தன் முந்தானையை மடித்து அதன்மேல் விரித்தாள்.

"சட்டுபுட்டுன்னு எழுதுங்கம்மா. இது மேசை இல்ல, முதுகு."

அண்ணி நடந்ததை எழுதி முடித்தாள். அடியில் ஒவ்வொருவராகப் பேரெழுதினார்கள். மடிப்புக்காரிக்கு எழுதத் தெரியாது. ரேடியோ அவள் கட்டை விரலில் மையைத் தடவினாள்.

"இது எதுல போகும்?" என்று மடிப்புக்காரி விரலைத் திருப்பிப் பார்த்தாள்.

"எதுலயும் போகாது. நாமே எத்தனை தடவை வெந்நீர்ல போட்டு எடுத்திருக்கோம்."

"அப்ப நல்லா தடவு" என்றாள் அவள். குனிந்து, தாளில் விரலை அழுத்தினாள்.