டாக்டர் பார்த்த நெஞ்சு

கீட்மன்ஸ்கூப்பில் ஞாயிற்றுக்கிழமை என்றால் கோட்லீப் வீட்டுக் கொல்லையில் ஆட்டுக்கறி வாசனை தெருவையே தூக்கும். அன்றும் நெருப்பில் கறியைப் புரட்டிக்கொண்டே தம்பி சால்மனிடம் குழைந்தார் கோட்லீப்.

"எனக்குப் பதிலா நீ போய்க் காட்டிட்டு வாடா. டாக்டர் ஊருக்குப் புதுசு. நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே மூஞ்சி."

ஃபிஷ் ரிவர் பள்ளத்தாக்கில் இறங்கி நடக்க, உடம்பு தாங்கும் என்று டாக்டரின் சான்று வேண்டும். பிறந்ததிலிருந்து பக்கத்திலேயே இருந்தும், கோட்லீப் அதன் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்ததோடு சரி. இப்போது கூட்டாளிகள் இருவர் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆனால் தேவாலயப் படி ஏறினாலே அவருக்கு மூச்சு வாங்கும்.

"அண்ணிக்குத் தெரிஞ்சா தோலை உரிச்சிடும்ணே!"

"அவகிட்ட யாருடா சொல்லப் போறா? அண்ணனுக்கு இதுகூடச் செய்ய மாட்டியா?"

அந்த ஒரு வார்த்தையில் சால்மன் விழுந்தான். அண்ணன் பெயரைச் சொல்லிக்கொண்டு போய் டாக்டர் முன் படுத்தான். "குதிரை மாதிரி இருக்கீங்க" என்றார் டாக்டர். அதைச் சொல்லிச் சொல்லி இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். பாவிகள், எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமலே சிரித்தார்கள்.

நடை முடியும் ஐ-ஐஸ் வெந்நீர் ஊற்றருகே, சுட்ட கறியும் குளிர்ந்த பீருமாகக் காத்திருந்தார்கள் சால்மனும் அண்ணி மக்ரீத்தாவும். வந்தது கூட்டாளி ரூபன் மட்டும். அவன் முகத்தைப் பார்த்ததுமே மக்ரீத்தா எழுந்து அவனிடம் ஓடினாள்.

"மணல்ல நடக்கையில நெஞ்சைப் பிடிச்சுட்டு உக்காந்துட்டார்க்கா. அங்க போனும் எடுக்காது. மடியில சாய்ச்சுக்கிட்டோம்... கொஞ்ச நேரத்துல போயிட்டார். இன்னொருத்தன் அவர் பக்கத்துலயே இருக்கான்."

மக்ரீத்தா அலறினாள். "குதிரை மாதிரி இருக்கீங்கன்னாராமே அந்த டாக்டர்! என்னத்தைப் பாத்துக் கிழிச்சார்? அவரைக் கோர்ட்டுக்கு இழுக்காம விடமாட்டேன்!"

சால்மன் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், பழி டாக்டர் தலையில் விழுந்துவிடும். அவனால் முடியவில்லை. மணலில் மண்டியிட்டான்.

"டாக்டர் மேல தப்பில்ல அண்ணி. அவர் பாத்தது என் நெஞ்சை. அண்ணன் பேரைச் சொல்லிக்கிட்டு நான்தான் போனேன்."

அவள் அடிக்கவில்லை, சபிக்கவும் இல்லை. கணவனின் சாடை அப்படியே இருந்த அந்த முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"ஒரே ஒரு தடவை முடியாதுன்னு சொல்லியிருக்கலாமேடா. கோவிச்சுக்கிட்டு நாலு நாள் உன்கூடப் பேசாம இருந்திருப்பார். ஆனா உசுரோட இருந்திருப்பார். அந்தச் சான்று கேக்கறது மனுஷனைத் தடுக்க இல்ல, காப்பாத்த. உதவி பண்றேன்னு நினைச்சு, அவருக்கு இருந்த ஒரே காவலையும் நீ எடுத்துட்ட."