வெறும் ஃபிளாஷ்

கேமராவில் இருக்கும் படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. எடுப்பது என் வீட்டுக்காரர் ரூபன். அருப்புக்கோட்டையில் எங்கள் ஸ்டுடியோ பலருக்கும் தெரியும். இவருடைய திருட்டுத்தனம் எனக்கு மட்டும்தான் தெரியும். விசேஷ வீட்டில் எல்லாப் படத்திலும் தலையை நீட்டுகிறவர்கள் உண்டே, அவர்களுக்குப் படம் எடுக்க மாட்டார். ஃபிளாஷை மட்டும் அடித்துக் காட்டுவார். அவர்களும் பல்லைக் காட்டிவிட்டுச் சந்தோஷமாகப் பந்திக்குப் போவார்கள்.

அன்று திருச்சுழிப் பக்கத்திலிருந்து முருகலட்சுமி வந்து என்னருகே உட்கார்ந்தாள். போன வாரம்தான் அவள் மகளுக்குக் காதுகுத்து.

“பியூலாக்கா, எங்கண்ணன் படத்த மொதல்ல காட்டுங்க. கெணத்துத் தகராறுல பேச்சே இல்லாம கெடந்தோம். வரமாட்டாகன்னு ஒண்ணுவிட்ட அண்ணன் மடியில வச்சுக் காது குத்திட்டோம். குத்தி முடிச்ச பெறகு வந்து நின்னாக அக்கா! பிள்ளைய மடியில வச்சுப் படமும் எடுத்துக்கிட்டாக.”

கேமராவில் ஒயரை மாட்டினேன். படங்கள் வரிசையாக ஏறின. சீர்த்தட்டு வந்தது, அலறும் பிள்ளை வந்தது, பந்தலடியில் படுத்திருந்த நாய்கூட வந்தது. அண்ணன் பால்சாமி வரவில்லை. நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் சுத்தமாக இருந்த லென்ஸை அவசரமாகத் துடைக்க ஆரம்பித்தார்.

“ஏத்தும்போது ஒண்ணு ரெண்டு வழியில விழுந்துரும்மா. கம்ப்யூட்டரு பழசு” என்றார்.

தப்பைச் செய்துவிட்டு என் தலையில் கட்டுகிறார்! எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

“படம் என்ன பந்தல்குடி பஸ்ஸுலயா வருது, வழியில எறங்கிப் போக? வந்தவுக யாருன்னு கேக்காம வெறும் ஃபிளாஷ் அடிச்சிருக்காரு இந்த மனுசன்!”

முருகலட்சுமி அழுதே விட்டாள். “ஆல்பத்துல தன்னோட படம் இல்லேன்னா, வேணும்னே விட்டுட்டோம்னு நெனப்பாக. திரும்ப எங்க வாசல மிதிக்க மாட்டாக அக்கா.”

உண்மையைச் சொன்னாலும் அவமானம், சொல்லாவிட்டாலும் அவமானம். கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சியவள், சட்டென்று போனை எடுத்தாள்.

“அண்ணே, ஒங்க படம் கம்ப்யூட்டருல ஏத்தும்போது வழியில விழுந்துருச்சாம்.”

அந்தப் பக்கத்துக் குரல் எனக்கே கேட்டது. “அதுக்கு ஏன்த்தா அழுகுற? ஞாயித்துக்கெழம வாரேன். திரும்ப எடுத்தாப் போச்சு.”

ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு கேமராவைத் தூக்கிக்கொண்டு நாங்களும் போனோம். பால்சாமி அதே பட்டுச் சட்டையில், மறுபடியும் ஒரு தார் பழத்தோடு வந்திருந்தார். மாமன் மடியில் உட்கார வைத்ததும் பிள்ளை இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வீறிட்டது. இன்னொரு தடவை குத்தப் போகிறார்கள் என்று நினைத்துவிட்டது, பாவம். ஒரு வழியாகச் சமாதானமானது. என் வீட்டுக்காரரின் விரல் சரியான பொத்தானில் இருக்கிறதா என்று நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டேன். படம் அருமையாக விழுந்தது.

அதற்குப் பிறகும் பால்சாமி கிளம்பவில்லை. கறிச்சோறு சாப்பிட்டார். மச்சானோடு நடந்துபோய் அந்தக் கிணற்றை எட்டிப் பார்த்தார். பொழுது சாய்ந்துதான் பஸ் ஏறினார்.

கேமராவைப் பையில் வைக்கும்போது முருகலட்சுமி என் கையைப் பிடித்தாள்.

“அக்கா, இந்தப் படமும் வழியில விழுந்துருச்சுன்னு சொல்லிரவா?”