நீல்ஸ் ஹாகனுக்கு வந்த கடிதம்

வீட்டு முன் சாலையோரக் கம்பத்தில் இருந்த தங்கள் தபால் பெட்டிக்குள் கையை விட்டு லவோன் மூன்று கடிதங்களை எடுத்தாள். ஒன்று மின்சார பில், ஒன்று விதைக் கடை விளம்பரம். மூன்றாவது அவள் மகன் நீல்ஸுக்கு. நீல்ஸ் ஆர்லின் ஹாகன் என்று முழுப் பெயரையும் தடித்த எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். அவள் கையுறையைக் கழற்றிவிட்டு அந்தப் பெயரை ஒருமுறை தடவிப் பார்த்தாள். நீல்ஸ் இறந்து பன்னிரண்டு வருடமாகிறது. அவன் இருந்த காலத்தில் வந்த கடிதங்களெல்லாம் 'நீல்ஸின் பெற்றோருக்கு' என்றுதான் வரும். இது நேராக அவனுக்கே வந்திருந்தது. எங்கோ ஒரு கம்ப்யூட்டர் அவனுக்கு வருடா வருடம் வயதைக் கூட்டி, பதினெட்டைத் தாண்டவைத்து, இனி இவனுக்கு அம்மாவும் அப்பாவும் தேவையில்லை என்று முடிவு கட்டியிருந்தது. பெற்றவளுக்குக் கிடைக்காத கொடுப்பினை.

சமையலறை மேசையில் உட்கார்ந்து அதைப் படித்தாள். ஊரில் இருக்கும் குழந்தைகள் கிளினிக்கின் கம்ப்யூட்டருக்குள் யாரோ புகுந்து நோயாளிகளின் பெயர், பிறந்த தேதி, அரசாங்கம் ஆளுக்கொன்றாகத் தரும் சோஷியல் செக்யூரிட்டி எண் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்களாம். வழக்குப் போட்டு, சமரசமாகி, இப்போது நஷ்டஈடு தருகிறார்கள். சும்மா கையெழுத்துப் போட்டால் நாற்பத்தைந்து டாலர். எண்ணை வேறொருவர் பயன்படுத்தியது நிரூபணமானால் ஆயிரத்து எண்ணூறு. தபால் முத்திரை மார்ச் இருபத்தெட்டுக்குள் விழுந்திருக்க வேண்டும். அதே கிளினிக்தான். தலை வலிக்கிறது என்று நாலு முறை கூட்டிப் போனபோது, கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பிய கிளினிக். மூளைக்குள் கட்டி என்பதை நூற்றைம்பது மைல் தள்ளி ஒரு பெரிய ஆஸ்பத்திரியில்தான் கண்டுபிடித்தார்கள். பிள்ளை அங்கேயே இறந்தும் போனான். இந்த ஊர்க் கிளினிக்கின் கணக்குப்படி அவன் அடுத்த பரிசோதனைக்கு வராமல் இருக்கிற ஒரு பையன், அவ்வளவுதான்.

கடிதத்தில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தாள். அரை மணி நேரம் இசை கேட்ட பிறகு ஓர் இளைஞன் வந்தான்.

"நீல்ஸ் ஹாகன்கூடப் பேசலாங்களா, மேடம்?"

"நான் அவனோட அம்மா."

"அவர்கிட்ட போனக் குடுக்க முடியுமா? பதினெட்டு வயசு தாண்டினா அவங்களேதான் பேசணும்."

"முடியாது."

"வேலைக்குப் போயிருக்காரா? எத்தன மணிக்கு வருவாருன்னு சொல்லுங்க, நானே கூப்பிடறேன்."

"செத்துட்டான் தம்பி. ஏழு வயசுல."

"மன்னிச்சுக்குங்க மேடம்," என்றான். பிறகு தட்டச்சு செய்யும் ஒலி கேட்டது. "அதுக்குன்னு தனியா ஒரு படிவம் இருக்கு. அனுப்பி வைக்கவா?"

லவோன் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்பவள். அங்கே தலைமைச் சமையற்காரி டெலோரிஸ். வாய் கொஞ்சம் நீளம், மனசு வெள்ளை. மறுநாள் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டு முடித்துத் தட்டுகளை இயந்திரத்தில் அடுக்கியதும், அவள்தான் தன் போனில் கடிதத்திலிருந்த குறியீட்டைத் தட்டி, நீல்ஸின் எண்ணையும் பிறந்த தேதியையும் போட்டாள். அவன் எண்ணில் யாராவது கடன் வாங்கியிருக்கிறார்களா என்று அதில் தெரிந்துவிடுமாம்.

"இது என்னடி, கேள்வி கேக்குது," என்றாள் டெலோரிஸ். "இந்த நாலு தெருவுல நீங்க எதுல குடியிருந்தீங்கன்னு."

"எதுலயும் இல்ல. என் வீட்டுலதான் இருந்தான்."

"அதையெல்லாம் போன்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? சும்மா ஒண்ணச் சொல்லு."

லவோன் நாலு பெயரையும் படித்தாள். பெக்கான் தெரு என்பது கேட்க நன்றாக இருந்தது, மரமெல்லாம் இருக்கும் போல. அதைத் தொட்டாள். திறந்துகொண்டது.

நீல்ஸ் ஹாகன் டெக்சாஸில், மெக்சிகோ எல்லையோரம் லரேடோ என்ற ஊரில், பெக்கான் தெருவில், ஒரு வாடகை வீட்டில் இருந்தான். கூரை போடும் கம்பெனி ஒன்றில் வேலை. ஒரு போன் இணைப்பு. மரச்சாமான் கடையில் ஒரு தவணைக் கடன், பழைய டிரக் ஒன்றுக்கு இன்னொரு கடன். பதினெட்டு மாதமாக ஒரு தவணைகூடத் தவறவில்லை. மாதத்துக்கு ஒன்றாகச் சின்னச் சின்னப் பச்சைக் கட்டங்கள் வரிசையாக நின்றன. திருடன் என்றால் அள்ளிச் சுருட்டிக்கொண்டு ஓடுவான் என்றுதான் இருவரும் நினைத்திருந்தார்கள். இவன் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தான்.

"யாரோ காகிதம் இல்லாம எல்ல தாண்டி வந்த பய," என்றாள் டெலோரிஸ் கடைசியில். "வேல வேணும்னா ஒரு நம்பர் வேணும்ல. எவனோ திருடி வித்திருக்கான், இவன் காசு குடுத்து வாங்கியிருக்கான். பாவம்தான். ஆனா உனக்கு ஆயிரத்து எண்ணூறு வரும்டி. கல்லு வெச்சுரலாம்."

நீல்ஸின் கல்லறைக்கு இன்னும் கல் வைக்கவில்லை. சவ அடக்கக் கடைக்காரர் அன்றைக்குத் தற்காலிகமாக நட்டுவிட்டுப் போன தகரக் கம்பிதான் பன்னிரண்டு வருடமாக நிற்கிறது. பிளாஸ்டிக்குக்குள் செருகியிருந்த பெயர்ச் சீட்டு வெளுத்து வெறும் தாளாகிவிட்டது. புல் வெட்டும் வண்டி இரண்டு முறை அதன் மேல் ஏறியிருக்கிறது. ஒவ்வொரு வருடமும் அவள் கேட்பாள், ஒவ்வொரு வருடமும் அவள் கணவன் ஆர்லின், "இந்தக் கோடைக்கு வெச்சுரலாம்," என்பான். முதலில் ஆஸ்பத்திரிக் கடன், பிறகு வீட்டுக் கூரை, பிறகு காரணமே சொல்வதில்லை. ஆர்லின் சரியான கல்லுளிமங்கன். மாவட்டச் சாலைத் துறையில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறான். அந்த வேலையில் இருப்பவர்கள் வருடத்துக்குப் பத்துத் தபால் பெட்டியாவது இடித்துத் தள்ளி ஊராரிடம் திட்டு வாங்குவார்கள். அவன் இருபத்தாறு வருடத்தில் ஒன்றைக்கூடத் தொட்டதில்லை. பெட்டி வரும்போது பனியை ஓரம் தள்ளும் பக்கவாட்டுத் தகட்டைத் தூக்கி, தாண்டியதும் இறக்குவான். வாயைத் திறந்து அவன் பெருமை பேசினால் அதைப் பற்றித்தான் பேசுவான்.

அன்று மாலை உருளைக்கிழங்கும் கொத்துக்கறியும் வேகவைத்த பாத்திரத்தை நகர்த்திவிட்டு, டெலோரிஸ் அச்செடுத்துக் கொடுத்த தாள்களை அவன் முன் வைத்தாள். அவன் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து ஆற அமரப் படித்தான். கோபப்படுவான் என்று பார்த்தாள். அவன் விரல் அந்தப் பச்சைக் கட்டங்களின் மேல் ஒவ்வொன்றாக நகர்ந்தது, பிள்ளையின் மார்க் அட்டையைப் பார்க்கும் அப்பனைப் போல.

"டிரக் வாங்கியிருக்கான்," என்றான்.

"யாரு?"

அவன் நிமிரவில்லை. "என்ன மாடல்னு போட்டிருக்கா?"

அவளுக்கு உச்சந்தலை வரை சூடேறியது. "ஆர்லின், நம்ம புள்ள பேர எவனோ திருடி வெச்சிருக்கான். நீ டிரக் மாடல் கேக்குற. எனக்கு ஒண்ணு புரியல. ஒருத்தர் செத்தா சவ அடக்கக் கடையிலிருந்து கவர்மெண்டுக்கு எழுதிப் போட்டுருவாங்க, அந்த நம்பர் அதோட முடிஞ்சுரும்னு டெலோரிஸ் சொல்றா. இது எப்படி முடியாம இருந்துச்சு?"

ஆர்லின் கண்ணாடியைக் கழற்றி மடித்தான். திரும்ப விரித்தான்.

"நான் அனுப்பல," என்றான்.

"எத?"

"அந்தப் படிவத்த. அடக்கக் கடைக்காரரு அனுப்பறேன்னுதான் சொன்னாரு. நான் போற வழியில குடுத்துர்றேன்னு வாங்கிட்டு வந்துட்டேன். வண்டியில வெச்சேன். அப்படியே இருந்துச்சு."

"பன்னெண்டு வருஷமாவா?"

"பழைய வண்டிய வித்தப்ப எடுத்து இந்த வண்டியில வெச்சேன்." தாள்களை ஒன்றாக அடுக்கியபடி சொன்னான்: "எங்கயாவது ஒரு எடத்துலயாவது அவன் உசுரோட இருக்கட்டுமேன்னு, லவோன். ஒரு கவர்மெண்டு நோட்டுல, ஒரு கம்ப்யூட்டர் டப்பாவுக்குள்ள. யாருக்கு என்ன நஷ்டம்?"

"என்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா?"

"சொன்னா அனுப்பச் சொல்லியிருப்ப."

உண்மைதான். அனுப்பத்தான் சொல்லியிருப்பாள். கல்லும் இதனால்தான் வைக்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பணமும் காரணம் இல்லை, கூரையும் காரணம் இல்லை. பன்னிரண்டு வருடமாக அவள் ஒருத்தி மட்டும் பிள்ளையைப் பறிகொடுத்தவளாக இருந்திருக்கிறாள், இவன் பக்கத்தில் படுத்துக்கொண்டே வேறு கணக்கில் வாழ்ந்திருக்கிறான்.

"நான் கையெழுத்துப் போடத்தான் போறேன்," என்றாள்.

"அந்தப் பையனுக்கு வேல போயிரும். அதோட விட மாட்டாங்க, புடிச்சு அனுப்பிருவாங்க."

"எந்தப் பையன்?" என்று அவள் கேட்டாள். எழுந்து போய்த் தட்டைக் கழுவினான்.

படிவம் நாலு நாளில் வந்தது. இந்த எண்ணுக்கு உரியவர் இன்ன தேதியில் இறந்தார், அதன் பிறகு இந்தப் பெயரில் நடந்தவை எதுவும் அவர் செய்தவை அல்ல என்று சத்தியம் செய்து, நோட்டரி முன்னால் கையெழுத்திட வேண்டும். இரண்டு வாரம் அது ரொட்டிப் பெட்டியின் மேலேயே கிடந்தது. ஆர்லின் சொன்னது அவளையும் அரிக்கத்தான் செய்தது. யாரோ பெற்ற பிள்ளை, வெயிலில் கூரை மேல் நிற்கிறவன். பெக்கான் தெருவில் அவன் வாங்கிப் போட்டிருக்கும் கட்டிலைக்கூட அவள் நினைத்துப் பார்த்தாள். நீல்ஸ் கடைசிவரை படுத்தது கார் படம் போட்ட சின்னக் கட்டிலில்.

இருபத்தாறாம் தேதி மதியம், ஆர்லின் வேலையில் இருந்தபோது, டெலோரிஸ் அச்செடுத்த தாளில் இருந்த பெக்கான் தெருக்காரனின் போன் எண்ணை அழுத்தினாள். என்ன பேசுவதென்று யோசித்திருக்கவில்லை. திட்ட வேண்டும் என்றும் இருந்தது, எச்சரித்து ஓடிவிடச் சொல்ல வேண்டும் என்றும் இருந்தது. இரண்டாவது மணியில் எடுத்தான். பின்னால் சுத்தியல் சத்தமும் யாரோ சிரிக்கிற சத்தமும் கேட்டன.

"நீல்ஸ் பேசறேன்," என்றான்.

வாலிபக் குரல், கொஞ்சம் கரகரப்பு. அந்தப் பெயர் ஆர்லினின் தாத்தா பெயர். இந்த மாவட்டத்திலேயே அந்தப் பெயரில் அவள் பிள்ளை ஒருவன்தான் இருந்தான்.

"ஹலோ? யாருங்க?"

"அங்க குளிரா இருக்கா?" என்று அவள் கேட்டாள். வேறு எதுவும் வாயில் வரவில்லை.

"குளிரா? தொண்ணூறு டிகிரி மேடம், வெந்துக்கிட்டிருக்கோம். நீங்க யாரு வேணும்னு கூப்பிட்டீங்க?" மரியாதையான பிள்ளைதான். அப்போது தூரத்திலிருந்து ஒருவன், "நீல்ஸ்! ஏ நீல்ஸ், ஆணி எங்கடா?" என்று கத்தினான். இவன் போனை விலக்கி, "இதோ வர்றேன்," என்றான்.

அந்த ஒரு வார்த்தையை அவளால் தாங்க முடியவில்லை. பன்னிரண்டு வருடமாக அந்தப் பெயரை அவள் குளியலறையில், காரில், கல்லறையில் கூப்பிட்டிருக்கிறாள். ஒருமுறைகூட யாரும் இதோ வருகிறேன் என்று சொன்னதில்லை. எவனோ ஒருவன் ஆணிக்காகக் கூப்பிட, இவன் வருகிறான். போனை வைத்துவிட்டாள். இரக்கம் வந்த வழியே போய்விட்டது. மறுநாள் வேலை முடிந்ததும் வங்கிக்குப் போய் நோட்டரிப் பெண் முன்னால் கையெழுத்துப் போட்டு, இறப்புச் சான்றிதழின் நகலை வைத்து உறையை ஒட்டினாள்.

இரவுச் சாப்பாட்டின்போது ஆர்லினிடம் சொன்னாள். "நாளைக்குக் கடைசி நாள். காலையில பெட்டியில போட்டுருவேன். அவன் செத்துட்டான் ஆர்லின். அத ஒரு கல்லுலயாவது எழுதணும்."

"பனி வரப்போகுது," என்றான் அவன்.

பனி வந்தது. விடிவதற்குள் முழங்கால் அளவு கொட்டி, பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டார்கள். ஆர்லின் மூன்று மணிக்கே லாரியை எடுக்கப் போய்விட்டான். வெளுத்ததும் லவோன் பனியை மிதித்துக்கொண்டு சாலை வரை போய், உறையைப் பெட்டிக்குள் வைத்து, தபால்காரர் பார்த்து எடுத்துப்போவதற்காகப் பெட்டியின் பக்கவாட்டில் இருந்த சிவப்புத் தகரக் கொடியை நிமிர்த்திவிட்டு வந்தாள். சாலை திறந்ததும் அவர் வந்துவிடுவார். அவள் சமையலறை ஜன்னலருகே காப்பியுடன் நின்றாள்.

ஏழரைக்கு மேட்டில் மஞ்சள் விளக்கு சுழல்வது தெரிந்தது. ஆர்லினின் லாரிதான். பனியை அலையாகப் பிளந்துகொண்டு இறங்கி வந்தது. அடுத்த வீட்டு லுண்ட்கிரென்களின் பெட்டியருகே வந்ததும் பக்கவாட்டுத் தகடு தூக்கிக்கொண்டது, தாண்டியதும் இறங்கியது. எப்போதும் போல. லவோன் காப்பியை ஒரு வாய் குடித்தாள். லாரி அவர்கள் வீட்டை நெருங்கியது. வேகம் குறையவில்லை. தகடு தூக்கவுமில்லை.

ஜன்னல் வழியாகவே அந்தச் சத்தம் கேட்டது. கம்பம் முறிந்து, பெட்டி எகிறி, இருபதடி தள்ளிப் பள்ளத்துப் பனிக்குள் போய் விழுந்தது. லாரி கொஞ்ச தூரம் ஓடி நின்றது. பின்விளக்குகள் சிவந்தன. அவன் இறங்குவான் என்று அவள் பார்த்தாள். இறங்கவில்லை. கதவு சாத்தியபடியே இருக்க, இஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது, மேலே மஞ்சள் விளக்கு சுற்றிச் சுற்றி வெறும் பனியின் மேல் விழுந்தது.

லவோன் கோப்பையை வைத்துவிட்டு பூட்ஸுக்குள் காலை விட்டாள். பள்ளத்தில் பெட்டி முழுதாகப் புதைந்திருந்தது. கொடி மட்டும் பனிக்கு வெளியே, நிமிர்ந்தபடியே, சிவப்பாகத் தெரிந்தது.